பதவி சொல், பேர் சொல்

வங்கியில் டை கட்டி உட்கார்ந்திருப்பவனாக இருக்கட்டும், வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டி மாற்றுபவனாக இருக்கட்டும், அந்தப் பழைய சீருடையை மாட்டிய மறுநிமிடம் ஆள் கெட்டுப்போவான். சட்டைப் பொத்தான் தானாகத் திறந்துகொள்ளும். தொப்பி பின்பாக்கெட்டுக்குப் போகும். நடை எருமை நடையாகிவிடும். கட்டாய ராணுவ சேவையை முடித்து வீட்டுக்குப் போனவர்களை வருஷம் ஒரு தடவை பயிற்சிக்குக் கூப்பிட்டால் இப்படித்தான் வருவார்கள். அவர்களை மேய்க்க நிறுத்தியிருக்கிற சின்ன வயசுச் சிப்பாய்கள்தான் பாவம். "சீனியர், ஹெல்மெட்டைக் கொஞ்சம் போட்டுக்கோங்க சீனியர்," என்று கெஞ்சிக்கொண்டே பின்னால் ஓடுவார்கள். சீனியர் காதில் வாங்கினால்தானே.

நம்குங் கி-தே மட்டும் அன்று பொத்தானையெல்லாம் போட்டு, பூட்ஸ் கயிற்றை இறுக்கி, வரிசையில் முதல் ஆளாக நின்றான். தேசபக்தி எல்லாம் ஒன்றும் கிடையாது. அவன் மகள் டான்பிக்கு அன்று முதல் பிறந்தநாள். சாயங்காலம் நாலரைக்கு இஞ்சொனில் மண்டபம் பிடித்திருந்தார்கள். குழந்தை முன்னால் நூல், பணம், பென்சில் என்று பரப்பிவைத்து எதை எடுக்கிறதோ அதுதான் அதன் எதிர்காலம் என்று பார்ப்பார்களே, அது நடக்கும்போது அப்பன் பக்கத்தில் இருக்க வேண்டாமா? ஆனால் பயிற்சி முடியவே ஐந்து தாண்டிவிடும். அதற்கப்புறம் பஸ் பிடித்துப் போனால் சாப்பிட்ட தட்டைத்தான் பார்க்கலாம்.

பயிற்சியைத் தள்ளிப்போட்டிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். தள்ளினான். அனுமதித்த அளவுக்குத் தள்ளித் தீர்த்தாகிவிட்டது. இனி வராவிட்டால் வழக்குதான். பிறந்தநாளை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றலாமே என்றால், அதற்கு மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. பிறந்தநாளை முன்னால் கொண்டாடலாமாம், தாண்டிக் கொண்டாடக் கூடாதாம். முன்னால் கொண்டாட மண்டபம் கிடைக்கவில்லை. "பிரசவத்தப்பவும் மாப்ளே வரல. இதுக்காவது வருவாரான்னு கேட்டு வை," என்று மகளிடம் சொல்லியிருந்தாள், அவன் காதில் விழுகிற மாதிரியே. பிரசவத்தன்று அவன் வேறு ஊரில் யாரோ ஒருத்தர் சமையலறைத் தொட்டிக்குக் கீழே படுத்து ஒழுகுகிற குழாயை அடைத்துக்கொண்டிருந்தான். அதை மாமியார் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. பயிற்சிக்கு வந்தவர்களை அணி அணியாகப் பிரித்துப் போட்டி வைப்பார்கள். முதலில் வருகிற அணி இரண்டு மணிநேரம் முன்னாலேயே வீட்டுக்குப் போகலாம். காலையில் பொத்தான் போட மாட்டேன் என்றவன்கூட இதைக் கேட்டதும் புலியாகிவிடுவான். வீட்டுக்குப் போவதற்காகச் சண்டை போடுகிற படை உலகத்திலேயே இதுவாகத்தான் இருக்கும்.

கி-தேயின் அணியில் பத்துப் பேர். அதில் ஜின்மோ என்று ஒரு பெருத்த ஆள், பேக்கரி வைத்திருப்பவர், கூட்டத்திலேயே வயசு கூடியவர், வாய் ஓயாது. "தம்பி, நான் ஓடமாட்டேன், உருளச் சொன்னா உருளுறேன்," என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். இன்னொருவன் ஓக் டொங்ஜு. பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிற கூடத்தில் வேலை. வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. யாராவது பக்கத்தில் வந்தால் ஒரு எட்டு நகர்ந்து, சுவரோடு முதுகை ஒட்டி நின்றான்.

முதலில் நிஜத் தோட்டாவில் சுடுவது. துப்பாக்கியைத் தரையில் சங்கிலி போட்டுக் கட்டியிருப்பார்கள். எந்தப் பக்கமும் திருப்ப முடியாது, தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாது. கி-தே சுட்டதில் பாதி மலைக்குத்தான் போனது. டொங்ஜு சுட்ட தாளைக் கொண்டுவந்தபோது நடுவில் ஒரு காசு அகலத்துக்கு ஒரே ஓட்டை.

"அடேங்கப்பா," என்றார் ஜின்மோ. "பல்லு செய்ற கையில்ல, அதான் நச்சுன்னு உட்காருது."

கி-தேக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்து காயக்கட்டு. அதில் அடிபட்டவராக ஜின்மோவைப் படுக்கவைத்தார்கள். கட்டுப்போட்டு முடிப்பதற்குள் மனிதர் குறட்டைவிட்டார். அதிலும் நல்ல புள்ளிதான். இந்த வேகத்தில் போனால் மூன்று மணிக்கு வாசலில் நிற்கலாம் என்று கி-தே கணக்குப் போட்டான்.

அப்புறம் ஊர்ச்சண்டை. மலையடிவாரத்தில் பொய்யாக ஒரு கடைத்தெருவே கட்டிவைத்திருப்பார்கள். கான்கிரீட் சுவரில் மருந்துக்கடை, பாட்டுக்கூடம், அரிசிக்கடை என்று எழுதியிருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது, தூசிதான். துப்பாக்கியில் லேசர் விளக்கு, உடம்பில் ஒரு கவசம். அடிபட்டால் கவசத்திலிருந்து லிஃப்டில் மாடி எண் சொல்கிற பெண்மணியின் குரலில், "நீங்கள் இறந்துவிட்டீர்கள்," என்று வரும். செத்தவர்கள் கூடாரத்து நிழலில் போய் உட்காரலாம். மற்ற வருஷங்களில் அந்த நிழலுக்காகவே ஓடிப்போய் முதலில் சாகிறவர்கள் உண்டு.

பாட்டுக்கூடத்து மாடியில் கி-தேயின் ஆட்கள் பதுங்கியிருந்தார்கள். எதிரணி கீழே கதவைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. இன்னும் நாலு படி ஏறினால் மொத்தப் பேரும் கைக்கு அடக்கம். எல்லோருக்கும் முன்னால் ஜன்னலோரம் டொங்ஜு, குறிவைத்து மூச்சடக்கி நின்றான். கி-தே பூனை மாதிரி பின்னால் போய், படிக்கட்டைக் காட்டுவதற்காக அவன் தோளில் லேசாகத் தட்டினான்.

"சிப்பாய் ஓக் டொங்ஜு!"

கட்டடமே அதிர்ந்தது. டொங்ஜு குதிகாலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, கூரையைப் பார்த்து விறைத்து நின்றிருந்தான். கீழே இருந்தவர்கள் ஒரு கணம் திகைத்து, அப்புறம் சிரித்து, அப்புறம் நிதானமாக மேலே வந்து எல்லோரையும் சுட்டார்கள். அந்தப் பெண்மணி பத்துத் தடவை சொல்லி முடித்தாள்.

ராணுவத்துக்குப் போனவர்களுக்கு இது புதிதில்லை. மேலே இருக்கிறவன் தொட்டால், கூப்பிட்டால், சும்மா பார்த்தால்கூட, முதலில் பதவி, அப்புறம் பேர், தொண்டை கிழியச் சொல்லியாக வேண்டும். சொல்லவில்லை என்றால் என்ன நடக்கும் என்பது அவரவர் பட்டதைப் பொறுத்தது. ஆனால் டொங்ஜுவின் தொப்பியில் சார்ஜெண்ட் பட்டை இருந்தது. எல்லோரும் சிப்பாயாகப் போய் சார்ஜெண்டாகத்தான் வீட்டுக்கு வருகிறோம். ஆறு வருஷம் கழித்தும் அவன் வாயில் சிப்பாய் என்று ஏன் வந்தது?

கி-தேக்கு அப்போது அதெல்லாம் உறைக்கவில்லை. செத்தவர்கள் கூடாரத்தில் ஹெல்மெட்டைத் தரையில் போட்டான். "ஏன் சார், உங்களுக்கு மூளை கீளை இருக்கா? எதிரிக்கு வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிட்ட மாதிரி இருக்கே. எம் பொண்ணு பொறந்தநாள் சார் இன்னிக்கு."

டொங்ஜு, "மன்னிச்சிருங்க," என்றான். அதோடு சரி.

போதாக்குறைக்கு, யோங்ஜே வந்து நின்றான். அடுத்த அணியின் தலைவன். வாரக் கடைசியில் பொம்மைத் துப்பாக்கியோடு காட்டில் உருண்டு புரளுகிற ரகம். முழங்கால் பட்டை, விரலில்லாத கையுறை எல்லாம் சொந்தமாக வாங்கிக் கொண்டுவந்திருந்தான். "என்ன சீனியர், சண்டைக்கு நடுவுல பேரச் சொல்லி அறிமுகம் பண்ணிக்கிட்டீங்களாமே. விசிட்டிங் கார்டு கையோட கொண்டு வரலையா?"

சுட்டதிலும் கட்டுப்போட்டதிலும் வாங்கிய புள்ளி கி-தேயின் அணியை இன்னும் இரண்டாம் இடத்தில் வைத்திருந்தது. முதலிடம் யோங்ஜேயின் அணிக்கு. சாப்பாட்டுக்கு அப்புறம் கடைசிச் சண்டை இந்த இரண்டு அணிக்கும்தான். ஜெயிக்கிறவன் வீட்டுக்கு.

மதியச் சாப்பாட்டுப் பெட்டியோடு டொங்ஜு தனியாகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். ஜின்மோ போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தன் கிம்ச்சி ஊறுகாயை அவன் பெட்டியில் தள்ளினார். கி-தேயும் போனான், இன்னும் கோபம் ஆறாமலே.

"அது எப்பவுமே வருதா தம்பி?" என்று கேட்டார் ஜின்மோ.

"பின்னாலேர்ந்து தொட்டா வரும்ணே. ஒருநாள் ரயில்ல ஒரு பாட்டியம்மா, எந்த ஸ்டேஷன்னு கேக்கத் தோள்ல கை வச்சாங்க. பெட்டியே திரும்பிப் பாத்துச்சு. பாவம் அவங்க பயந்து அடுத்த ஸ்டேஷன்லயே எறங்கிட்டாங்க."

ஜின்மோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டொங்ஜுவும் கொஞ்சம் சிரித்தான்.

"சார்ஜெண்ட்டுன்னு வராம சிப்பாய்னு ஏன் வருது?" என்றான் கி-தே.

டொங்ஜு சாப்பாட்டுக் குச்சியை வைத்தான். "என் அறையில ஒருத்தர் இருந்தாரு. ராத்திரி தூங்குறப்ப தோளத் தட்டுவாரு. பேரு சொல்லணும். சத்தம் பத்தலைன்னா மறுபடி தட்டுவாரு. நான் சிப்பாயா இருக்கிறப்பவே அவரு முடிச்சிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் யாரும் என்னத் தட்டல. அதனால அது அங்கயே நின்னு போச்சு."

கி-தே சோற்றைக் கிளறினான். அவனுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் மணி ஓடிக்கொண்டிருப்பதும் மண்டையில் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும், அதுதான் மனுஷ புத்தி.

அப்போது பல்குச்சியைக் கடித்துக்கொண்டு ஒருவன் கழிப்பறைப் பக்கம் போனான். ஜின்மோவுக்கு என்ன தோன்றியதோ, வயிற்றிலிருந்து குரலை எடுத்து, "டேய், எவன்டா அது, பதவி சொல்லு, பேர் சொல்லு," என்று அதட்டினார். பல்குச்சி கீழே விழுந்தது. அந்த ஆள் விறைத்து நின்று பதவியும் பேரும் கத்திவிட்டு, அப்புறம்தான் திரும்பிப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னான்.

கி-தே ஜின்மோவைப் பார்த்தான். ஜின்மோ கி-தேயைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் உள்ள இருக்குடா இது," என்றார் ஜின்மோ மெதுவாக.

"உங்க குரல் போதாதுண்ணே. யோங்ஜே உங்கள பேக்கரி ஆளுன்னு கண்டுபுடிச்சிருவான். நெஜமா ஒரு கொடுமக்காரன் குரல் வேணும்." சொல்லிவிட்டு கி-தே டொங்ஜு பக்கம் திரும்பினான். கேட்கக் கூடாது என்று தெரியும். கேட்டான். "சார், அந்தாளு குரல் உங்களுக்கு வருமா?"

டொங்ஜு சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்தான். "வரும். வாய்விட்டு இதுவரைக்கும் சொல்லிப் பாத்ததில்ல."

"வேணாம்னா விட்ருங்க தம்பி," என்றார் ஜின்மோ.

"அவரு பொண்ணுக்கு என்ன பேரு?" என்று டொங்ஜு ஜின்மோவிடம் கேட்டான், கி-தே அங்கே இல்லாத மாதிரி.

"டான்பி," என்றான் கி-தே.

"சரி," என்றான் டொங்ஜு.

கடைசிச் சண்டை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே கி-தேயின் ஆட்கள் பாதிப் பேர் நிழலுக்குப் போய்விட்டார்கள். யோங்ஜே சும்மா சொல்லக் கூடாது, வேலை தெரிந்தவன். தன் ஆட்களை மருந்துக்கடைக்குள் ஆளுக்கொரு மூலையில் படுக்கவைத்து, மூச்சு விடாமல் காத்திருந்தான். உள்ளே எத்தனை பேர், எந்த மூலையில் என்று தெரியாமல் கதவுக்குள் தலையை நீட்டினால் அந்தப் பெண்மணி பேசுவாள். நேரம் முடிந்தால் சமன்; சமன் என்றால் காலையில் எடுத்த புள்ளியை வைத்து யோங்ஜேதான் முதல்.

கி-தே தெருவுக்கு எதிரே ஒரு டயர் அடுக்குக்குப் பின்னால் படுத்திருந்தான். ஜின்மோவும் இன்னும் இரண்டு பேரும் மருந்துக்கடைச் சுவரை ஒட்டிக் குந்தியிருந்தார்கள். டொங்ஜு அரிசிக்கடை மாடிப்படியில் நின்றான். கி-தே அவனைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

டொங்ஜு கண்ணை மூடினான். அப்புறம் அந்தக் குரல் வந்தது. அது பெரிதாகக்கூட இல்லை. கத்தலே இல்லை. நிதானமாக, கொஞ்சம் சலிப்போடு, இப்போதுதான் தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி ஒரு குரல்.

"எவன்டா அங்க படுத்துக் கெடக்கிறது. எந்திரிடா. பதவி சொல்லு, பேர் சொல்லு."

மருந்துக்கடைக்குள்ளிருந்து ஒவ்வொரு மூலையாகச் சத்தம் கிளம்பியது. சார்ஜெண்ட் இன்னார், சார்ஜெண்ட் இன்னார். ஜன்னலோரத்தில் முழங்கால் பட்டையோடு ஒருவன் விருட்டென்று எழுந்தான்: சார்ஜெண்ட் தோ யோங்ஜே. நடுத்தெருவில் கொடி பிடித்து நின்ற நடுவர் சிப்பாய், இந்தச் சண்டைக்கே சம்பந்தமில்லாதவன், கொடியைத் தொடையோடு சேர்த்துவைத்து, "கார்ப்பரல் யோம் சாங்-ஹுன்," என்று ஊர் கேட்கக் கத்திவிட்டு முகம் சிவந்தான். ஜின்மோ கதவுக்குள் உருண்டார். சொன்ன மாதிரியே உருண்டார். இரண்டு நிமிஷத்தில் மருந்துக்கடை முடிந்தது.

இதில் ஒன்று விட்டுப்போயிற்று. டயருக்குப் பின்னாலும் ஒருத்தன் எழுந்து நின்றான். குதிகால் இரண்டும் சேர்ந்து, தாடை உயர்ந்து, "சார்ஜெண்ட் நம்குங் கி-தே," என்று கத்தினான். யோங்ஜேயின் ஆள் ஒருவன் சாவதற்கு முன்னால் கடைசியாகச் சுட்டது அவனைத்தான். கவசத்துப் பெண்மணி பேசி முடித்தும் கி-தே அசையவில்லை. யோசனை அவனுடையது. குரல் யாருடையது என்று தெரியும். கையைத் தூக்கி ஆரம்பித்துவைத்ததே அவன். அப்படியும் எழுந்து நின்றுவிட்டானே. ஒரு தடவைக்கே உள்ளங்கால் வரைக்கும் கூசியது. ராத்திரி ராத்திரி என்றால் எப்படி இருந்திருக்கும்?

யோங்ஜே விடுவானா? கையுறையைக் கழற்றி வீசினான். "இது ஏமாத்து வேலை மேஜர். அதிகாரி மாதிரி கொரல் குடுத்தாங்க."

பயிற்சி மேஜர் அரை உயிர் போகிற சலிப்போடு கேட்டார். "எதிரி பேரு கேட்டான். நீ சொன்ன. சண்டையில போய் எதிரிகிட்டயே புகார் குடுப்பியா?" அப்புறம் கி-தேயின் அணியைப் பார்த்து, "கெளம்புங்க, கெளம்புங்க," என்று கையை ஆட்டினார். யாருடைய குரல் அது என்று அவர் கேட்கவில்லை. கேட்க விரும்பவில்லை என்று தோன்றியது.

கவசத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு கி-தே டொங்ஜுவைத் தேடினான். அவன் அரிசிக்கடைக்குப் பின்னால் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றிருந்தான். தின்ற சோறு தரையில் கிடந்தது. முதுகு பக்கமாகப் போன கி-தே வழக்கம்போலத் தோளில் வைக்கக் கையை நீட்டி, பாதியிலேயே இழுத்துக்கொண்டான். சுற்றிப் போய் முன்னால் நின்று தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"தண்ணி குடிங்க."

டொங்ஜு வாயைக் கொப்பளித்தான்.

"அந்தாளு இப்ப எங்க இருக்கான்?"

"சுவோன்ல. டேக்வாண்டோ பள்ளிக்கூடம் நடத்துறாரு, சின்னப் புள்ளைங்களுக்கு. வருஷா வருஷம் எம் பொறந்தநாளுக்கு ஃபோன்ல கேக் கூப்பன் அனுப்புவாரு."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நன்றின்னு போடுவேன். வேற என்ன போடுறது." பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தான். "போங்க சார், நேரமாகுது. அதுக்குத்தானே இவ்வளவும்."

கி-தே தலை குனிந்து வணங்கிவிட்டு டாக்ஸிக்கு ஓடினான்.

மண்டபத்துக்குள் அவன் சீருடையும் தூசியுமாக நுழைந்தபோது சடங்கு ஆரம்பித்திருந்தது. மனைவி ஹேவோன் அவனைப் பார்த்துக் கண்ணால், "வந்துட்டியா," என்றாள். சந்தோஷத்தை மறைக்கத் தெரியாத முகம் அவளுக்கு. மாமியார் அவன் பூட்ஸைப் பார்த்தாள், விரிப்பைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பெரிய விஷயம். டான்பி பட்டுப்பாவாடையும் தலைக்குச் சின்னக் குல்லாவுமாகத் தாழ்வான மேசைமேல் உட்கார்ந்திருந்தாள். முன்னால் நூல், பணம், பென்சில், நீதிபதி சுத்தியல், மருத்துவர் காதில் மாட்டுகிற குழாய். மாமியார் முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். அந்தக் குழாயைக் குழந்தைக்கு எட்டுகிற தூரத்தில் தள்ளிவைத்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"எடு எடு எடு," என்று மைக்கில் ஒருவன் கத்தினான். சித்தப்பாக்கள், "பணத்த எடு," என்றார்கள். அத்தைகள், "பென்சில், பென்சில்," என்றார்கள். மாமியார் பின்னாலிருந்து குழந்தையின் தோளை விரலால் குத்திக் குத்தி, "அதோ பாரு, அத எடு, எடுடி," என்றாள். டான்பி அசையவில்லை. கை இரண்டையும் மடியில் வைத்து, கண்ணை அகல விரித்து, எதிரே இருந்த கூட்டத்தைப் பார்த்தாள். கீழுதடு மெல்லப் பிதுங்கியது.

'சுத்தியல எடு' என்று கத்துவதற்கு கி-தேயும் வாயைத் திறந்திருந்தான். மூடிக்கொண்டான்.

"அத்தே, தோள்ல குத்தாதீங்க."

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. மைக் பிடித்தவன் நிறுத்தினான். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாமியார் கையை எடுத்துக்கொண்டாள்.

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க," என்றான் கி-தே. "அவளுக்குத் தோணுனா எடுப்பா. தோணலைன்னா போகட்டும்."

சும்மா இருந்தார்கள். அவ்வளவு பேர் சேர்ந்து சும்மா இருப்பது லேசான காரியமா? ஒருத்தர் தொண்டையைச் செருமினார். டான்பி உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். அப்புறம் மெதுவாக ஊர்ந்து, குழாயைத் தாண்டி, பணத்தின்மேல் முழங்காலை வைத்து, மேசை ஓரத்தில் விருந்தாளிகளுக்காக அடுக்கியிருந்த அரிசிக் கொழுக்கட்டையில் ஒன்றை எடுத்து வாயில் வைத்தாள்.

"இதுக்கு என்ன பலன்?" என்றாள் மாமியார், மனம் நொந்து.

"பசின்னு அர்த்தம் அத்தே," என்றான் கி-தே.

முதலில் சிரித்தது ஹேவோன். அப்புறம் எல்லோரும். மாமியாரும் சிரித்துத் தொலைத்தாள். கொழுக்கட்டை தொண்டையில் சிக்கப்போகிறது என்று யாரோ சொல்ல, கி-தே மேசைக்குப் பின்பக்கமாக விரைந்து, யோசிக்காமல் குழந்தையின் தோளில் கை வைத்தான். வைத்த பிறகுதான் உறைத்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

டான்பி யார் தொட்டது என்று திரும்பிப் பார்த்தாள். தூசி அப்பிய முகத்தை ஒரு நிமிஷம் ஆராய்ந்தாள். அப்பா என்று தெரிந்ததும் வாய் நிறையக் கொழுக்கட்டையோடு சிரித்தாள்.